கூரை மட்டும் வெள்ளை

டொல்பின் வானைப் பற்றி வன்னியில் இருப்பவருக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்கு, வற்றாப்பளைப் பொங்கலுக்கு, கட்டுநாயக்காவுக்கு என்று ஏதோவொரு நாள் அதற்குள் நெருக்கியடித்துக் குந்தாத குடும்பம் இந்தப் பக்கம் இல்லை. டொயோட்டா ஹயஸ், எல்.எச். 113, 2.8 லீற்றர் ‘3எல்’ டீசல் இயந்திரம். டேர்போ கிடையாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் நிற்காது. ஜப்பானில் 1989இல் வந்த தலைமுறை. அதற்கு அடுத்து, நாங்கள் கே.டி.எச். என்று சொல்கிற பெட்டி முகக்காரன் 2004இல் வந்தது. இவ்வளவு போதும். மிச்சத்தை எந்த ஹயர்காரரிடமும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்கலாம். ஒரு மணித்தியாலம் சொல்வார்.

நான் எழுத வந்தது அதற்குள் படுத்தெழும்புவதைப் பற்றி. பின்னிருக்கைகளைக் கழற்றி, வவுனியாவில் ஒரு கராஜில் கொடுத்துப் படுக்கை, தண்ணீர்த் தாங்கி, சின்னக் குசினி, கூரையில் சோலார் பனல் எல்லாம் போட்டு, சோளகக் காலம் முழுவதும் மனைவியும் மகனும் நானும் அதில்தான் ஊர் சுற்றினோம். ஏ9இல் ஓமந்தை, புளியங்குளம் கடந்து மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. தெற்கே நாயாறு, கொக்கிளாய். வடக்கே வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன். அங்கிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம். திரும்பி வரும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், எங்களுக்கு ஒரு பை கச்சான். அந்த இடத்தில் நிற்காமல் போகிற வாகனம் எதுவாக இருந்தாலும் அதை வன்னி வாகனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஆசையை ஏற்றிவிட்டவர் லண்டனில் இருக்கிற மச்சான். அவரிடம் வொக்ஸ்வேகன் கலிபோர்னியா இருக்கிறது. அங்கே கோடை வந்தால் கோர்ன்வோல் கடற்கரை, நோர்போக், யோர்க்ஷயர் மலையடிவாரம், நோர்தம்பர்லாந்துக் கோட்டைகள் என்று ஒவ்வொரு கிழமையும் வட்ஸ்அப்பில் வீடியோ வரும். பச்சைப் புல்வெளி, செம்மறியாடு, பின்னால் கடல், முன்னால் கூரை உயர்த்திய வான், அதற்கு முன்னால் மடக்குக் கதிரையில் குளிர்ச்சட்டையோடு மச்சான். இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் வானை நிறுத்திப் படுக்க உரிமை இல்லை. காணிக்காரரின் அனுமதி வேண்டும். அதனால் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்த முகாம் தலத்தில்தான் தங்குகிறார்கள். கரண்ட் குத்த ஒரு கம்பம், தண்ணீர்ப் பைப், கழிவு ஊற்ற ஓர் இடம் எல்லாம் இருக்கும். வானுக்குள் அவர் உயிரையே வைத்திருப்பது டீசல் ஹீற்றரில். ஆவணியிலும் இரவில் அதைப் போடுவாராம்.

அவர் விடுமுறைக்கு வந்தபோது நாயாற்றில் ஒரு இரவு எங்கள் வானில் படுத்தார். விடிய எழும்பி, நனைந்த பனியனைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “மச்சான், அங்க நான் சூட்டை உள்ளுக்க வைச்சிருக்கக் காசு குடுக்கிறன். நீ இங்க அதைக் கலைக்கக் காசு குடுக்கிறாய்.”

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வான் ஒல்லி. 1.69 மீற்றர் அகலம். ஜப்பானில் சின்ன வாகன வகுப்புக்கு 1.7 மீற்றர் அகலம், 4.7 மீற்றர் நீளம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் நிற்கும்படி செய்தது. மச்சானின் வான் 1.9 மீற்றர். கோர்ன்வோலில் வேலிகளுக்கு நடுவே எதிரே ஒரு ட்ரக்ரர் வந்தால் அரை மைல் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று புலம்புவார். எங்களுக்குக் குளக்கட்டு வீதிகளிலும், வட்டுவாகலில் நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தில் கிடக்கிற அந்தப் பழைய தாழ்பாலத்திலும் இந்த இருபது சென்ரிமீற்றர்தான் நிம்மதி. (அங்கே புதிய பாலத்துக்கு 2025இல் வேலை தொடங்கியாயிற்று.) ஸ்டியரிங்கடியில் கியர் இருப்பதால் முன்னால் தரை வெறுமையாக இருக்கிறது, வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்தால் கீழே இறங்காமலே படுக்கைக்குப் போய்விடலாம். நெடுங்கேணிப் பக்கம் வீதியோரத்தில் யானை நிற்கும் இரவில் இந்த வசதியின் பெறுமதி தெரியும்.

பின்பக்க வில்லுப்பட்டை வெறும் வானில் குதிக்கும். கட்டில், தண்ணீர், பற்றறி என்று பாரம் ஏறியதும் அடங்கிவிட்டது. சமையலுக்குச் சின்ன 2.3 கிலோ காஸ் சிலிண்டர். தண்ணீர் இருபது லீற்றர் கான்களில். குளிப்பதற்கு வன்னியில் வானுக்குள் ஏற்பாடு எதற்கு? கோயில் கிணறு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது.

கராஜ்காரர்களோடு எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. எந்த வானைக் கொண்டுபோய் விட்டாலும் அதைக் கலியாண வானாக்காமல் விட மாட்டார்கள். படுக்கைக்குச் சிவப்பு ரெக்சின், கூரையைச் சுற்றி நீல எல்.ஈ.டி. பட்டி, பின்னுக்கு எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹோர்ன். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடுதாசியை வைத்துக்கொண்டே நீலப் பட்டியை ஒட்டியிருந்தார்கள். “சும்மா வடிவுக்கு அண்ணை, காசு வேண்டாம்” என்றார் பொடியன். நீல வெளிச்சத்தில் படுத்தால் பிரேத அறையில் படுத்த உணர்வு வருகிறது. முதல் வேலையாகப் பிடுங்கினேன். ரெக்சின் அதைவிட மோசம். வேர்வையில் முதுகோடு ஒட்டி, புரளும்போது ‘சர்’ என்று கிழிகிற சத்தம் கேட்கும். இப்போது ஸ்பொஞ்சுக்கு மேல் பன்பாய் விரித்திருக்கிறோம். முள்ளியவளைச் சந்தையில் வாங்கிய பாய். முழு வானிலும் செலவுக்கு ஏற்ற சுகம் அதில்தான்.

இனி வெக்கை. சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே பகல் 35 பாகையைத் தாண்டும், இரவிலும் இரும்பு ஆறாது. இயந்திரம் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கும் எந்த வானிலும் இன்னொரு தொல்லை உண்டு. இரவு எட்டு மணிக்கு நிறுத்தினாலும் பத்து மணிவரை அந்த இடம் இறக்கி வைத்த அடுப்புத்தான். அதனால் நாங்கள் பொழுது சாயமுன்னம் நிறுத்தி, முன்னிருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்து விட்டுவிடுவோம். சோலார் பனலைக் கூரையோடு ஒட்டிப் பூட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுத் தூக்கிப் பூட்டச் சொல்லுங்கள். மின்சாரத்தைவிட அது தருகிற நிழல் பெரிது. கூரையில் ஒரு துவாரம் வெட்டி, காற்றை வெளியே இழுக்கிற 12 வோல்ற் காற்றாடி ஒன்று, கால்மாட்டில் லொறிகளில் பூட்டுகிற சின்னக் காற்றாடி ஒன்று. சறுக்குக் கதவுக்கும் யன்னல்களுக்கும் வெல்க்ரோவில் ஒட்டுகிற நுளம்பு வலை. சங்குப்பிட்டியில் இவை ஒன்றும் தேவைப்படவில்லை. கடனீரேரிக் காற்று நுளம்பை நிற்க விடாது. இரணைமடுப் பக்கம் வலையில்லாமல் படுக்கவே முடியாது.

வெக்கைக்கு எல்லாவற்றையும்விட உதவிய விசயம் கராஜ்காரர் செய்ததல்ல. வானின் வெள்ளை நிறம். முல்லைத்தீவுக் கடற்கரையில் மத்தியானம் எங்கள் வானுக்குப் பக்கத்தில் கருநீல வான் ஒன்று நின்றது. எங்கள் கூரையில் உள்ளங்கையை வைத்து எடுக்கலாம். அதன் கூரையில் வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டேன். ஜப்பானில் கொம்பனி வேலைக்கு வாங்கும் வான்கள் பெரும்பாலும் வெள்ளை. அவை பழசாகித்தான் எங்களிடம் கப்பலில் வந்தன. நாடெல்லாம் வெள்ளை வான் நிறைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. மலிவு, சூடு குறைவு, எந்தக் கடையிலும் பெயின்ற் கிடைக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வெளிச்சம் இருந்தவரைக்கும்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்ட வீதி. குளத்தருகே நிறுத்த இடம் தேடி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தோம். மைம்மல். முன்னால் சைக்கிளில் போன பொடியன் ஒருவன் திரும்பிப் பார்த்தான், பிறகு எழும்பி நின்று மிதித்து ஒரு படலைக்குள் மறைந்தான். அடுத்த வீட்டு முற்றத்து லைற் அணைந்தது. நாய்கள் குரைத்தன. நான் இன்னும் மெதுவாக்கினேன். அதுதான் மரியாதை என்று எண்ணம். அந்த வெள்ளை வான் அந்த நேரத்தில் மெதுவாக்குவதைப் போலப் பயங்கரம் வேறில்லை என்று மனைவிதான் முதலில் விளங்கிக்கொண்டார். “நிப்பாட்டுங்கோ. உள் லைற்றைப் போடுங்கோ. முதல் நான் இறங்கிறன்” என்றார்.

படலையடிக்கு ஒரு அம்மா ரோச் லைற்றோடு வந்தார். எங்கள் முகத்தில் அடிக்கவில்லை. நேரே வானின் முன்பக்கம் போய், குனிந்து, நம்பர் தகட்டில் வெளிச்சத்தைப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாக உரக்க வாசித்தார். உள்ளே யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. எழுதி முடிந்த பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை நீங்கள்? இந்த நேரத்தில என்னத்துக்கு ஊர்ந்து திரியிறியள்?”

மனைவி சொன்னார். வானுக்குள் படுத்து ஊர் பார்க்கிறோம், குளத்தடியில் ஒரு இரவு தங்கலாமோ என்று. அம்மா பின்கதவைத் திறக்கச் சொல்லி, பாயை, அடுப்பை, மகனின் பள்ளிக்கூடப் பையை எல்லாம் ரோச்சால் ஒருமுறை பார்த்தார்.

“நாங்கள் மாசக்கணக்கா ட்ரக்ரர் பெட்டியில படுத்தனாங்கள், மேல ஒரு தறப்பாளோட. நீங்கள் காசு குடுத்துப் படுக்கிறியள்,” என்று சிரித்துவிட்டு, “குளத்தடி வேண்டாம், ஆனை இறங்கும். எங்கட வளவுக்க விடுங்கோ” என்றார். கிணற்றடி, கழிப்பறை, விடியப் புட்டும் மாம்பழமும் எல்லாம் கிடைத்தது. மச்சான் பதிவு செய்கிற எந்தத் தலத்திலும் இது இல்லை. ஆனால் அந்த நம்பர் எழுதின கடுதாசி விடியும்வரை அவர்கள் வீட்டு மேசையில்தான் இருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதை வாசித்தால் விளங்காமல் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2006இலிருந்து சில வருடங்கள் கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா என்று நம்பர் தகடு இல்லாத வெள்ளை வான்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. போனவர்களில் பலர் திரும்பவில்லை. வன்னிக்குள் இருந்தவர்களுக்கு வேறொரு வாகனப் பயமும் இருந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடிக்கப் புலிகள் இயக்கத்தின் வாகனம் வந்தால் கட்டிலுக்குக் கீழும் பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளையை ஒளித்த தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்து இராணுவத்திடம் கையளித்த சொந்தங்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மகன்மாரின் படத்தை மடியில் வைத்தபடியே செத்துப்போன தாய்மாரும் அவர்களில் உண்டு. அந்தக் கோயிலைத் தாண்டித்தான் ஏ9இல் நாங்கள் உல்லாசம் போகிறோம், அதே ஹயஸில், அதே வெள்ளையில்.

ஒரு வாகன விமர்சனத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். படுக்கை வானுக்கு இருக்கிற ஒரே வேலை, தெரியாத ஊரில் இருட்டும் நேரத்தில் போய் நிற்பது. பகலில் ஓடுகிற ஹயர் வானுக்கு நிறம் ஒரு பிரச்சினையில்லை. அதற்குள் பதினைந்து பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். பின்கண்ணாடியில் ‘முருகன் துணை’ இருக்கும், பக்கத்தில் யாரோ நடிகரின் படம் இருக்கும். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளை. போதாததற்கு, உள்ளே படுப்பவர் தெரியக்கூடாது என்று கராஜில் பக்கக் கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். வெள்ளை வான், கறுப்புக் கண்ணாடி, மெதுவான ஓட்டம். இதைவிடப் பொருத்தமாக ஒரு ஊரைப் பயப்படுத்த யாராலும் முடியாது.

கறுப்புத் தாளை உரித்தேன். உடனே வெக்கை கூடியது. வெயில் படும் பக்கம் வெள்ளித் தாள் ஒட்டிய மட்டையைப் பகலில் செருகி வைத்தோம். இரவுக்குப் பூப்போட்ட சீத்தைத் துணியில் மனைவி திரை தைத்தார். யன்னலில் பூத்துணி தெரிந்தால் அது குடும்ப வான். பொழுதுபட்டால் உள் லைற் எப்போதும் எரியும். ஊருக்குள் நுழையும்போது கண்ணாடி எல்லாம் கீழே. நாலரை மணிக்குப் பிறகு புது ஊருக்குள் போவதில்லை. போனதும் முதல் வேலை யாரையாவது கேட்பது. கடற்கரை என்றால் வாடிக்காரரை அல்லது மீனவர் சங்கத் தலைவரை, உள்ளூர் என்றால் கோயில் ஐயாவை. கேட்காமல் நிறுத்தினால் யாராவது போன் எடுப்பார்கள், பத்து மணிக்கு ஜீப் வரும். ஒரு கடற்கரையில் எங்களுக்கு அப்படி வந்தது. அடையாள அட்டை, வாகனப் புத்தகம், எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று எல்லாக் கேள்வியும் மகன் நித்திரைத் தூக்கத்தில் முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கவே நடந்தது. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்த இரவு யாரும் நித்திரை கொள்ளவில்லை.

தங்குவதற்கு நல்ல இடம் எது என்று அதிகம் பேர் கேட்கிறார்கள். கோயில்தான். வருடா வருடம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாத யாத்திரைக்காரர் முல்லைத்தீவுக் கரையால்தான் போவார்கள். அவர்கள் தங்குகிற கோயில்களில் கிணறு, மடம், வாகனம் நிற்கத் தோதான வெளி வீதி எல்லாம் பழக்கத்திலேயே இருக்கிறது. வந்தவரை யார் என்று கேட்பதற்கு முன்னம் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் பழக்கமும் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயிலடியில் நந்திக்கடல் காற்றில் படுத்தது எனக்குப் பிடித்த இரவு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் வீதி அடுத்தது. மாமிசம் சமைக்க முடியாது, அதை விட்டால் குறை ஒன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் நிறம் நிறம்தான். தூரத்தில் வரும்போது பூத்திரை தெரியாது, வெள்ளை தெரியும். பெயின்ற் அடிப்பதென்று முடிவெடுத்த பிறகு, என்ன நிறம் என்று வீட்டில் பெரிய மாநாடு. பச்சை அடித்தால் ஆமி. வெளிர்நீலம் என்றால் விமானப்படை, கருநீலம் கடற்படை. சிவப்பு என்றால் தபால் வான் அல்லது இ.போ.ச. பஸ். மஞ்சள் அடித்தால் பள்ளிக்கூட வான் என்று காலமை பிள்ளைகள் மறிக்கும். கறுப்பு அடிப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார் மனைவி. பிரேத ஊர்வலத்தையும் நினைப்பூட்டும், அமைச்சரையும் நினைப்பூட்டும். ஒரு நாட்டில் ஒரு குடும்பம் தன் வாகனத்துக்கு நிறம் தேட இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று மச்சானுக்கு எழுதினேன். “எங்கட ரோட்டில ஆரஞ்சு வானும் ஓடும், ஊதா வானும் ஓடும், ஒருத்தரும் திரும்பியும் பாராங்கள்” என்று பதில் வந்தது. பார்க்காமல் இருப்பதும் நல்லதோ என்று எனக்குத் தெரியவில்லை. எங்களைப் பார்த்தபடியால்தான் புட்டு கிடைத்தது.

முடிவில் மகன் சொன்னதுதான் சரி வந்தது: கிறவல் நிறம். எப்படியும் ஒட்டுசுட்டான் உள் வீதியில் ஒருமுறை போய் வந்தால் வான் அந்த நிறத்துக்கு மாறிவிடுகிறது. அதையே பூசிவிட்டால் கழுவும் வேலையும் மிச்சம். யன்னலுக்குக் கீழே முழுவதும் செங்கல் சிவப்பு, யன்னல் வரியும் கூரையும் பழைய வெள்ளை. இங்கிலாந்தில் பழைய வொக்ஸ்வேகன் வான்களை இதே மாதிரி, கீழே ஒரு நிறம் மேலே வெள்ளை என்று இரட்டை நிறத்தில் பார்த்திருப்பீர்கள், அழகுக்காகச் செய்தது. இங்கே எங்களுக்குக் கூரை வெள்ளையாக இருக்க வேண்டிய காரணம் வெயில், கீழே வெள்ளையாக இருக்கக்கூடாத காரணம் வேறு. டிங்கர் வேலை, பட்டி பூசித் தேய்ப்பு, இரண்டு பூச்சு என்று கராஜில் கிடந்தது. இந்த முறை நீலப் பட்டி ஒட்டவில்லை.

பலன் உடனே தெரிந்தது. விசுவமடுப் பக்கம் ஒரு உள் வீதியில் பின்னேரம் நிறுத்தினோம். பூத்திரை, சிவப்பு வான், உள்ளே லைற். இரண்டு பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒருவர் கேட்டார்: “அண்ணை, நைற்றி இருக்கா? போன முறை வந்தவர் பெரிய சைஸ் கொண்டாறன் எண்டவர்.” உடுப்பு வியாபார வான் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை அக்கா என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. பிறகு புளியங்குளத்தில் மீன் வானா என்று கேட்டார்கள், மல்லாவியில் பழைய இரும்பு எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவரும் நம்பரை எழுதவில்லை.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் பழைய டொல்பின்களின் விலை ஏறியது. 2025இல் கதவு திறந்த பிறகும் புதியதன் வரியைப் பார்த்தால் பழையதுதான் கைக்கு எட்டுகிறது. கே.டி.எச். வாங்கக் காசு இருந்தால் வாங்குங்கள், உயரம் கொஞ்சம் வசதி. ஆனால் 3எல் இயந்திரத்தை மாங்குளத்திலோ துணுக்காயிலோ மரத்தடியில் வைத்தே பிரித்துப் பூட்ட ஆள் இருக்கிறது, மற்றதற்குக் கணினி வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40யையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய ஊர் இது. பிரித்துப் பூட்டக்கூடிய இயந்திரத்தின் மேல் எங்களுக்கு ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும். கடலோரம் நிறுத்தினால் வீடு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு எந்த வயதான வானையும் தின்னும். மாரிக்குக் குளக்கட்டை மறந்துவிடுங்கள், பின்சக்கர ஓட்டம் சேற்றில் அசையாது. ஐப்பசிக்குப் பிறகு கோயில் வீதியும் தார் வீதியும் போதும். வெளிநாட்டிலிருந்து கலிபோர்னியாவைக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்கிற மச்சான்மாருக்கு: வேண்டாம். ஹீற்றருக்குக் காசு கொடுத்து வாங்கிய வானை இங்கே வைத்து என்ன செய்வது?

என் தீர்ப்பு இதுதான். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு, சோளகத்தில் வன்னியைச் சுற்றிப் பார்க்க இதைவிடத் தோதான வாகனம் இந்த விலையில் இல்லை. வாங்கும்போதே கறுப்புத் தாளை உரித்துவிடுங்கள், படுக்கை போடுவதற்கு முன்னமே கீழ்ப்பாகத்துக்கு நிறம் அடித்துவிடுங்கள். அடித்ததும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்து வாகனப் பதிவுப் புத்தகத்திலும் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள், காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள். புத்தகத்தில் வெள்ளை, வீதியில் சிவப்பு என்றால் இரவு பத்து மணிக்கு வருகிற ஜீப்புக்கு நீங்கள் சொல்லும் எந்தக் கதையும் எடுபடாது.